கூடப் போனவன்

கேள்வி கேட்டா கண்ண மூடிக்கிற ஆள நீங்க எங்கியாச்சும் பாத்துகீறீங்களா? எங்க வூட்ல ஒருத்தன் இருந்தான். என் கொயுந்தன் லோகு. வாய் பேசாது, கை கால் அசையாது, கழுத்து கூட நிக்காது. கண்ணு ரெப்ப மட்டும்தான் அவன் சொன்ன பேச்ச கேக்கும். அந்த ஒண்ண வச்சிகினே ரெண்டு வருசம் என்ன அலைய உட்டான், கஸ்மாலம்.

"தண்ணி வேணுமாடா?"ன்னா ஒரு தபா சிமிட்டுவான். வேணும்னு அர்த்தம். "திருப்பிப் போடட்டா?"ன்னா ரெண்டு தபா. வேணாம். கேட்டதுக்கெல்லாம் பதில் வரும். "உங்கண்ணன் எங்கடா?"ன்னு கேட்டா மட்டும் ரெப்பய இறுக்கி மூடிக்குவான். கண்ணோரம் தண்ணி இறங்கும். நான் கத்துவேன், கெஞ்சுவேன், தோளப் புடிச்சி உலுக்குவேன். ஊஹூம். நான் எய்ந்து போற வரைக்கும் தொறக்கமாட்டான்.

நான் அங்காளம்மா. கோவளம் குப்பத்துக்காரி. லோகுவோட அண்ணன் அப்பாதுரைதான் எம் புருசன். சுனாமி அடிச்ச அடுத்த வருசம், ஐப்பசி மய கொட்டிகினு கீற நேரம், அண்ணனும் தம்பியும் விடியக்காலம் பைபர் போட்ட தள்ளிகினு போனாங்கோ. போகாதய்யா, காத்து சரியில்லன்னேன். "சொம்மா கெட, நீ மீன் இல்லாம தாம்பரத்துல போயி இன்னாத்த விப்ப?"ன்னு சிரிச்சிகினே போனாரு. மதியத்துக்குள்ள போட்டு கவுந்து மெதந்துகினு வந்துச்சி. லோகு முட்டுக்காடு முகத்துவாரத்தாண்ட மணல்ல ஒருக்களிச்சி கெடந்தான். எம் புருசன் வரல. பொணமும் வரல.

எங்க குப்பத்துல ஒரு வயக்கம் கீது. கடலுக்குப் போனவன் திரும்பலன்னா, ஒண்ணு பொணம் ஒதுங்கணும். இல்லாங்காட்டி கூடப் போனவன் ஊருக்கு முன்னால வந்து, "என் கண்ணால பாத்தேன், போய்ட்டான்"னு சொல்லணும். ரெண்டுல ஒண்ணு நடக்காம பொண்டாட்டி தாலிய கயட்டக்கூடாது. எம் புருசனோட கூடப் போனவன் லோகு ஒருத்தன்தான். அவன் கண்ண மூடிகினு கெடந்தான்.

என் நாத்தனா தனத்துக்கு அது வசதியாப் போச்சி. அந்தமான் பக்கம் ஒதுங்கியிருப்பான், அடிபட்டு ஞாபகம் தப்பியிருக்கும், வருவான்னு தெருத்தெருவா சொல்லுவா. குறி கேக்கறதுக்கு அவ போகாத எடம் இல்ல. நான் ஒரு நாள் பொட்டு வைக்காம வெளிய வந்துட்டா, "எந்தம்பிய சாவடிக்காதடி"ன்னு தலைலயே அடிச்சிக்குவா. அதே தனம் லோகு தலமாட்டுல நின்னுகினு, "இவன் போயி அவன் வந்திருக்கக்கூடாதா"ன்னும் சொல்லிகீறா. அவனுக்கு காது நல்லா கேக்கும்னு எத்தினி தபா சொன்னாலும் அவளுக்கு ஏறாது.

நான் இன்னா பண்றது சொல்லுங்க. பொட்டு வச்சிக்க மனசில்ல, அயிச்சிக்க உரிமையில்ல. கலியாண வூட்ல மஞ்ச குங்குமத் தட்ட நீட்டுறவ, என் கிட்ட வந்தா ஒரு நொடி தயங்குவா. அந்த ஒரு நொடி போதும், வவுறு எரிஞ்சி போவும். சாயங்காலம் யாராச்சும் மணல்ல வேகமா நடந்தா, அவர்தானோன்னு எய்ந்து நிப்பேன். அப்பால எனக்கே அசிங்கமா இருக்கும். செத்தா செத்தான்னு சொல்லு, அயுது தீத்துட்டு போறேன். கீறான்னா கீறான்னு சொல்லு, தேடிகினு போறேன். இதத்தான் லோகு கிட்ட கேட்டுகினே இருந்தேன்.

நான் மீன் விக்கிற லைன் செம்பாக்கம், அஸ்தினாபுரம். காலைல லோகுக்கு கொயா வழியா கஞ்சி ஊத்திட்டு, பக்கத்து வூட்டு முனியம்மாவ பாத்துக்கச் சொல்லிட்டு, அன்னக்கூடய தூக்கிகினு தாம்பரம் பஸ் ஏறுவேன். நாறுதுன்னு கண்டக்டரு தெனமும் சண்ட புடிப்பான். நானும் உடமாட்டேன். செம்பாக்கத்துல ஏரிக்கு எதுத்தாப்ல ஒரு டாக்டரம்மா வூடு. சத்யப்ரியான்னு பேரு. மூளை டாக்டரு. தாம்பரம் தாண்டி ஒரு ஆராய்ச்சி ஆஸ்பத்திரில வேலை. சங்கரா மீன் கீதான்னு கேட்டுகினே ஒரு நாள் லோகு கதைய கேட்டாங்க. கேட்டுட்டு, மீன மறந்துட்டு நின்னாங்க.

அடுத்த ஞாயித்துக்கெயம நேரா கோவளத்துக்கே வந்துட்டாங்க. லோகு கண்ணுல டார்ச் அடிச்சி, விரல காட்டி, கேள்வி கேட்டு, ஒரு மணி நேரம் பாத்தாங்க. அப்பால தயங்கிகினே என் மூஞ்சிய பாத்து சொன்னாங்க.

"கழுத்துல பட்ட அடில மூளைக்குப் போற ஒரு ரத்தக்குழாய் கிழிஞ்சிருக்கு அங்காளம்மா. மூளைலேர்ந்து உடம்புக்கு கட்டளை இறங்கற தண்டு இருக்கு பாருங்க, அதுல ரத்தம் போகாம செத்துப்போச்சு. மேல மூளை முழுசா நல்லா இருக்கு. நாம பேசறது, சிரிக்கறது, திட்டறது எல்லாம் இவருக்கு புரியுது. வெளிய வரத்தான் வழி இல்ல."

"அதான் எனக்கு தெரியுமே"ன்னேன். "திட்டுனா கண்ணுல தண்ணி வுடறானே."

அந்தம்மா ஒரு அட்டைல எய்த்தெல்லாம் எய்தி குடுத்தாங்க. நான் ஒவ்வொரு எய்த்தா சத்தமா சொல்லணும், வேண்டிய எய்த்து வரும்போது அவன் சிமிட்டணும். நான் அஞ்சாவது வரைக்கும் படிச்சவ, எய்த்துக் கூட்டத் தெரியும். மொதல் நாள் அர மணி நேரம் தொண்ட காய கத்துனதுல அவன் சொன்னது, கொசு. எனக்கு சிரிப்பும் அயுகையும் சேந்து வந்துச்சி. கொசுவலைய கட்டுனேன். முதுகு, வெளிச்சம், ரேடியோன்னு தெனமும் எதனா ஒண்ணு சொல்லுவான். சரி, கதவு தொறந்துகிச்சின்னு ஒரு நாள் நைசா, "அண்ணனப் பத்தி சொல்லுடா"ன்னு அட்டைய தூக்குனேன். மூடிகினான். அட்டைய தூக்கி அடுப்பாண்ட வீசிட்டேன்.

அப்பாலதான் டாக்டரம்மா அந்த மிஷினப் பத்தி சொன்னாங்க. அமெரிக்கால வாய் பேச வராத, கை கால் வராத ஒண்ணு ரெண்டு பேருக்கு மூளைல ஒரு சின்னத் தகடு வச்சி, நெனச்சாலே கம்ப்யூட்டரு வேலை செய்யறாப்ல பண்ணிகீறாங்களாம். இங்கயும் அத மாதிரி ஒரு ஆராய்ச்சி தொடங்கறாங்களாம். லோகு ஒத்துகினா அவன சேத்துக்கலாமாம்.

எனக்கு மண்டைல ஒண்ணே ஒண்ணுதான் ஓடுச்சி. மூளைக்குள்ள மிஷின வச்சா, கண்ண மூடிகினாலும் தப்பிக்க முடியாது. உள்ள கீறது வெளிய வந்துதான ஆவணும்.

"உள்ள இன்னா நெனைக்கறானோ அத்த எடுத்துடுமாம்மா?"ன்னு கேட்டேன்.

"இல்லம்மா, மனசுல இருக்கறத அது எடுக்காது. கைய அசைக்கணும்னு அவர் முயற்சி பண்றத மட்டும்தான் படிக்கும். இது வைத்தியமும் இல்ல, ஆராய்ச்சி. அவர் எழுந்து நடக்கப் போறதில்ல. சீழ் வைக்கலாம், வலிப்பு வரலாம். ஒரு வருஷத்துல எடுத்துடுவோம். யோசிச்சு சொல்லுங்க."

அந்தம்மா சொன்னதுல பாதியத்தான் நான் காதுல வாங்கினேன். லோகு கிட்ட அவங்களே எல்லாத்தையும் பொறுமையா சொல்லி, சம்மதமான்னு கேட்டாங்க. அவன் என்ன பாத்தான். ரொம்ப நேரம் பாத்தான். அப்பால ஒரு தபா சிமிட்டுனான். மறுபடியும் கேட்டாங்க, மறுபடியும் ஒரு தபா. மாட்டிகினடா மவனேன்னு உள்ளுக்குள்ள நெனச்சேன்.

ஆஸ்பத்திரில அய்மான்னு ஒரு இன்ஜினியர் புள்ள இருந்தான். பல்லாவரத்துக்காரன், மீச இப்பத்தான் கெட்டியா வந்திருந்துச்சி, வாய்க்கு வாய் அக்கா அக்கான்னுவான். அவன்தான் எனக்கு புரியறாப்ல சொன்னான். "கைய தூக்குன்னு அண்ணாவோட மூளை இப்பவும் சொல்லிட்டேதான்க்கா இருக்கும். டெலிபோன் வயர் ரோட்டுல அறுந்துட்டா வூட்டுக்குள்ள பேசறவன் குரல் நின்னுடுமா? அந்தக் குரல் கெளம்பற எடத்துலயே நாங்க காத வச்சி கேக்கப் போறோம். கேட்டத கம்ப்யூட்டருக்கு கொடுத்தா, கைக்கு பதிலா திரைல ஒரு பந்து நகரும். எழுத்து மேல பந்த நிறுத்துனா அந்த எழுத்து விழும். அவ்ளோதான்."

தகட்ட காட்டுனான். சுண்டு விரல் நகத்துல பாதி கூட இல்ல. அதுல முடிய விட சன்னமா ஊசிங்க. இத்தனூண்டு கண்றாவிக்கா மண்டைய தொறக்கணும்னு கேட்டேன். ஆபரேசன் அன்னிக்கி ஆஸ்பத்திரி வாசல்ல உக்காந்துகினு, எந்த சாமிய கும்புடறதுன்னு தெரியாம எல்லா சாமியையும் கும்புட்டேன். உள்ள வச்சி, தலைக்கு மேல ஒரு பிளக்க நிறுத்தி, கட்டு போட்டு வெளிய கொணாந்தாங்கோ. லோகு கண்ண தொறந்தான். ஒரு தபா சிமிட்டுனான். நான் கேள்வியே கேக்கல, அவனா சிமிட்டுனான்.

புண்ணு ஆறுனதும் வயர மாட்டுனாங்கோ. திரைல பச்சக் கோடுங்க தாறுமாறா துள்ளுச்சி. அய்மான் குஷில குதிக்கிறான், டாக்டரம்மா கண்ணு கலங்கி நிக்கிறாங்க. நான் முன்னால போயி திரையப் பாத்து, "கேளு! எம் புருசன் எங்கன்னு கேளு!"ன்னு கத்துனேன். கோடுங்க பாட்டுக்கு துள்ளிகினு இருந்துச்சி. "இன்னா எய்திகீது? படிச்சி சொல்லு அய்மான்."

"இதுல ஒண்ணும் எழுதலக்கா. இது வெறும் மின்சாரத் துடிப்பு."

"அப்ப இன்னாத்துக்குய்யா மண்டைய பொளந்தீங்கோ? பேமானிங்களா, அந்தப் புள்ள மண்டைய இன்னாத்துக்கு பொளந்தீங்கோ?"

நர்சுங்கல்லாம் ஓடி வந்துட்டாங்கோ. டாக்டரம்மா கோவப்படல. என் கைய புடிச்சி உக்கார வச்சாங்க. "அன்னிக்கே சொன்னேன் அங்காளம்மா. அவர் விருப்பம் இல்லாம அவர்கிட்டேர்ந்து ஒரு வார்த்தைய கூட இதால எடுக்க முடியாது. எடுக்க முடிஞ்சிருந்தா நான் இந்த வேலைக்கே வந்திருக்க மாட்டேன்."

நான் முந்தானைய வாயில அடைச்சிகினு அயுதேன். லோகு எல்லாத்தையும் பாத்துகினு கெடந்தான். எங்க மேல இருந்த கண்ண அவன் எடுக்கல.

பந்த நகத்தறது லேசான காரியம் இல்ல. வலது கைய தூக்கறதா நெனைங்க, எடது பக்கம் கொண்டு போறதா நெனைங்கன்னு அய்மான் சொல்லிகினே இருப்பான். பந்து நடுங்கும், எங்கியோ ஓடும். ஒரு வாரம் பேஜாரு. அப்பால அய்மான் அட்டைய எடுத்துகினு போயி, "அண்ணா, உங்க கைக்கு ரொம்பப் பழக்கமான வேலை எது?"ன்னு கேட்டான். இன்ஜின்னு எய்த்து வந்துச்சி. போட்டுல பின்னால கீற இன்ஜின் புடிய இந்தாண்ட தள்ளுனா போட்டு அந்தாண்ட திரும்பும். அத்த நெனைங்கன்னான். பந்து போச்சி பாருங்க! திரைல அந்தாண்டக்கும் இந்தாண்டக்கும் வழுக்கிகினு போச்சி. அசையாத மனுசன், மூஞ்சில ஒரு சலனமும் இல்ல, ஆனா அந்தப் பந்துல லோகு தெரிஞ்சான். அலைல போட்ட வளைச்சி ஷோக்கா கொண்டாந்து நிறுத்துவானே, அதே லோகு.

மொதல் மொதல்ல அவன் எய்துனது டீ. எல்லாரும் கைதட்டி சிரிச்சோம். அவனுக்கு முயுங்க வராது. டாக்டரம்மா டீயில பஞ்ச நனைச்சி அவன் நாக்குல ஒரு சொட்டு வச்சாங்க. லோகு கண்ண மூடிகினான். அந்த ஒரு தபாதான் அவன் சந்தோசமா மூடினத நான் பாத்தது.

அப்பால தெனமும் எய்துனான். அய்மான் கிட்ட, நிக்காஹ் எப்பன்னு கேட்டு கிண்டல் பண்ணுவான். நர்சம்மா கிட்ட, பூ நல்லா கீதுன்னுவான். என் கிட்ட, சாப்டியா அண்ணின்னுவான். நான் ஒண்ணும் கேக்கல. கேக்கக்கூடாதுன்னு டாக்டரம்மா சத்தியம் வாங்கியிருந்தாங்க. அடக்கிகினு கெடந்தேன்.

மாசம் போகப் போக பந்து மறுபடியும் தடுமாற ஆரம்பிச்சிது. ஊசிங்கள சுத்தி மூளை தயும்பு கட்டிக்குதாம், அதனால சத்தம் சரியா கேக்கலன்னு அய்மான் சொன்னான். அது பத்தாதுன்னு பிளக்காண்ட செவந்து சீழ் கோத்துச்சி. மருந்து குடுத்துப் பாத்தாங்க. கேக்கலன்னா எடுத்துடத்தான் வேணும்னு டாக்டரம்மா லோகு கிட்டயே சொல்லிட்டாங்க.

அந்த வாரம்தான் என் அண்ணன் தனசேகர் செம்மஞ்சேரிலேர்ந்து ஆஸ்பத்திரிக்கு வந்தான். என்ன வூட்டோட கூப்டுகினு போறதுக்கு. உனக்கு வயசு முப்பது கூட ஆவல, ஒரு புள்ள குட்டி இல்ல, யாருக்காக இங்க கெடந்து சாவுறன்னான். லோகு கட்டிலாண்டயே நின்னுகினு சொல்றான். எனக்கு வந்துச்சி பாருங்க கோவம்.

"எம் புருசன் கீறானா பூட்டானான்னு தெரியாம நான் எங்கியும் வரமாட்டேன். தாலிய கட்டிகினு எந்த வூட்டுக்குடா நான் வர்றது? வந்து வாசல்லயே எட்டிப் பாத்துகினு கெடக்கவா? போடா!"

தனசேகர் கோவிச்சிகினு கெளம்பிட்டான். நான் திரும்பிப் பாத்தா லோகு கண்ணு செவசெவன்னு கீது.

மறுநா காலைல வயர மாட்டுனதும் பந்து எய்த்துங்க மேல ரொம்ப நேரம் அலைஞ்சிது. "அண்ணி மட்டும்"னு வந்துச்சி. டாக்டரம்மாவும் அய்மானும் ஒருத்தர ஒருத்தர் பாத்துகினு வெளிய போய்ட்டாங்க.

"சத்தமா படிக்காத அண்ணி."

எனக்கு எய்த்துக் கூட்டி வாய்விட்டுத்தான் படிக்க வரும். ஒதட்ட பல்லால கடிச்சிகினேன். அப்பாலதான் எனக்கு வெளங்குச்சி, அந்த அட்டைல அவன் ஏன் சொல்லலன்னு. அட்டைல சொல்லியிருந்தா, எம் புருசன் சாவ ஒவ்வொரு எய்த்தா என் வாயால நானே சொல்லியிருக்கணும்.

"அண்ணன் இல்ல."

ரெண்டே வார்த்த. ரெண்டு வருசமா கேட்டுகினு இருந்தது இதுக்குத்தான். தலைல கல்லு விழுந்தாப்ல உக்காந்துட்டேன். பந்து எய்தறத நிறுத்தல. நின்னு நின்னு, தப்பா விழுந்த எய்த்த அயிச்சி அயிச்சி, எய்திகினே போச்சி.

"போட்டு கவுந்துச்சி. கழுத்துல அடி. என் கை போச்சி. அண்ணன் என்ன இஸ்துகினு நீந்துனான்."

நான் தண்ணி குடிச்சேன். அவனுக்கு மூஞ்சிய தொடச்சி உட்டேன். வேணாம்டா, நாளைக்கி எய்துன்னேன். ரெண்டு தபா சிமிட்டுனான்.

"கரைல தள்ளி உட்டான். அவனுக்கு தெம்பு இல்ல. அலை இழுத்துச்சி. கைய நீட்டுனான். நான் பக்கத்துலதான் கெடந்தேன். என் கை வரல."

ஜன்னலுக்கு வெளிய தாம்பரம் ரோட்டுல லாரிங்க ஹாரன் அடிச்சிகினு போவுது, ஒலகம் அது பாட்டுக்கு போய்கினு கீது. திரைய பாத்துகினே கேட்டேன். "எதனா சொன்னாராடா? கடைசியா எதனா?"

பந்து நடுங்குச்சி. பாதி வழில நின்னுச்சி. ஒரு எய்த்துக்கு அவ்ளோ நேரம் அவன் எப்பவும் எடுத்துகினதில்ல.

"அங்காளம் கிட்ட போயிடு. அவ உன்ன பாத்துக்குவா."

பாவி மனுசன். தண்ணில போய்கினு கீற நேரத்துல கூட எனக்கு வேலை வச்சிட்டு போய்கீறாரு. நான் ஓன்னு அயுதேன். அடக்கவே இல்ல. இத்தினி நாள் அடைச்சி வச்சது மொத்தமும் வந்துச்சி.

"ஏன்டா இத்தினி நாள் சொல்லல? ஏன்டா?"

"அண்ணன் சொன்னத சொன்னா நீ என்ன உட்டு போகமாட்ட."

"இப்ப மட்டும் ஏன்டா சொன்ன?"

"சொல்லலன்னாலும் நீ போகல."

அப்பால ஒண்ணு விழுந்துச்சி. "இப்ப போ அண்ணி."

"போறதாம், பெரிய போறது. வாய மூடுடா"ன்னேன். வாயில்லாத புள்ளயப் பாத்து வாய மூடுன்னு சொல்லிட்டேன். அவன் கண்ணு சிரிக்கறாப்ல கூட இருந்துச்சி. எனக்கு தெரியல, என் கண்ணுல தண்ணியாத்தான் இருந்துச்சி.

நான் சொன்னத கேட்டுட்டு தனம் ஊர்த் தலைவரு நாட்டாரயும் கூட்டிகினு வந்தா. மிஷின் சொல்றத நம்பமாட்டேன், அந்த பாய் புள்ள எய்தி வச்சிருப்பான்னு வாசல்லயே ஆரம்பிச்சிட்டா. அய்மான் வயர கயட்டி வச்சிட்டு ஒதுங்கிகினான். நாட்டார் லோகு மூஞ்சிக்கு நேரா குனிஞ்சாரு. "தம்பி, உன் கூட வந்தவன் போய்ட்டானா? உன் கண்ணால பாத்தியா?"

லோகு மூடிக்கல. தனத்தயே பாத்துகினு இருந்தான். ஒரு தபா சிமிட்டுனான், அப்பால கண்ண அகலமா தொறந்தே வச்சிருந்தான். தனம் அப்படியே கட்டில் காலப் புடிச்சிகினு சரிஞ்சிட்டா. "சொல்லாம இருந்திருக்கக்கூடாதாடா"ன்னு அவ அயுதது எனக்கு இப்பவும் காதுல கீது. அவள நான்தான் அணைச்சி தூக்குனேன். என் மேல இருந்த கோவமெல்லாம் அவளுக்கு அங்கயே கரைஞ்சி போச்சி.

அடுத்த நாள் காலைல கடலாண்ட உக்கார வச்சி, பொம்பளைங்க சுத்தி நின்னு, தனமே தாலிய கயட்டுனா. பொட்ட அயிச்சாங்கோ, வளைய ஒடச்சாங்கோ. நான் அலையத்தான் பாத்துகினு இருந்தேன். இனிமே எவன் மணல்ல நடந்து வந்தாலும் எய்ந்து நிக்க வேணாம்னு ஒரு நிம்மதி வந்துச்சி. நிம்மதி வந்ததுக்காக இன்னும் அயுதேன்.

காரியம் முடியற வரைக்கும் வூட்ட உட்டு வெளிய வரக்கூடாதுன்னு ஊர் வயக்கம். அதுக்குள்ள லோகுக்கு பிளக்க எடுக்கற நாள் வந்துட்டுது, காச்சல் ஏறிடிச்சின்னு போன் வந்துச்சி. வயக்கமாவது மண்ணாவது. தலைல முக்காட்ட போட்டுகினு பஸ் ஏறிட்டேன். கண்டக்டரு என் மூஞ்சியப் பாத்துட்டு அன்னிக்கி சீட்டு புடிச்சி குடுத்தான்.

நான் உள்ள போம்போது கடைசி தபான்னு வயர மாட்டியிருந்தாங்கோ. திரை லோகுக்கு எடது பக்கம். நான் வலது பக்கமா வந்து நின்னேன். முக்காடு நழுவிடிச்சி. வெறுங்கயுத்த அவன் பாத்தான். நெத்திய பாத்தான். நான் தைரியமா இருக்கணும்னுதான் வந்தேன், அவன் பாத்த பார்வைல ஒடஞ்சிட்டேன். நின்னுகினே தேம்பித் தேம்பி அயுதேன்.

பந்து விருட்டுனு ஓடி திரையோட வலது ஓரத்துல போயி முட்டிகினு நின்னுச்சி. அய்மான் நடுவுக்கு கொண்டாந்தான். மறுபடியும் ஓடி அதே ஓரத்துல முட்டிச்சி. "அண்ணா, எழுத்து இந்தப் பக்கம் இருக்கு, இங்க வாங்க"ன்னான். திருப்பித் திருப்பி நடுவுல வச்சான். ஒவ்வொரு தபாவும் பந்து வலது பக்கம் பாஞ்சி, வெளிய போக வழியில்லாம இடிச்சிகினு நடுங்குச்சி.

"சிக்னல் கெட்டுப்போச்சு போல மேடம்"னான் அய்மான்.

டாக்டரம்மா திரையப் பாக்கல. லோகு கண்ண பாத்தாங்க, அப்பால என்ன பாத்தாங்க. "விடுப்பா அய்மான். அவர் எழுதல"ன்னாங்க. "அங்காளம்மா, அவர் கைய தூக்கறார். உங்க பக்கம்."

நான் கட்டிலாண்ட மண்டி போட்டேன். போர்வைக்குள்ள கெடந்த அவன் கைய எடுத்தேன். கட்டயா, கனமா, சில்லுன்னு இருந்துச்சி. அத்த தூக்கி என் கன்னத்துல வச்சி, ரெண்டு கையாலயும் அயுத்திப் புடிச்சிகினேன். பந்து அந்த நொடிலயே நின்னு போச்சின்னு அய்மான் அப்பால சொன்னான். நான் பாக்கல.

"வந்துடிச்சிடா லோகு"ன்னேன். "பாரு, உன் கை வந்துடிச்சி."